தோணிச்சாமியாரின் உலை

கடல் சூழ்ந்த ஒரு சின்ன நாட்டில், ஒரு கோயில் முற்றத்தில் பெரிய அண்டா ஒன்று இருந்தது. பஞ்ச காலத்தில் தோணி நிறைய அரிசி கொண்டுவந்து, வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்துக் காப்பாற்றிய புனிதர் ஒருவர் அந்த நாட்டுக்குக் காவலர். தோணிச்சாமியார் என்பார்கள். அவர் திருநாளில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி அந்த அண்டாவில் விழும். ஒரு பிடிக்கு மேல் யாரும் போடக்கூடாது, அதுதான் வழக்கம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வந்து போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் அரசாங்கம் திருநாளை நாடு முழுக்க விடுமுறையாக்கியது. நல்ல செய்திதானே? கோயில்காரர்களுக்கோ கூட்டம் பெருகிவிடுமே என்ற கவலை. திருவிழாத் தலைவர் அருளப்பன் வெளிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“விடுமுறை எல்லாருக்கும். விருந்து நமக்கு” என்று அண்டாவின் மூடி பூரித்துப்போனது.

உலைநீர் கொதிக்கத் தொடங்கியது. கோயிலைச் சேர்ந்த சில வீட்டார் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். போட்ட அரிசி கண்ணுக்கே தெரியவில்லை.

“மிச்சம் எங்கே? உச்சிவேளை மணி அடிப்பதற்குள் வேகவேண்டும்” என்றது உலைநீர்.

“வேறு யாரும் வரமாட்டார்கள்” என்றது மூடி.

கதவுக்கு வெளியே, வருஷந்தோறும் வந்து அரிசி போடும் மைமூனா முந்தானையில் அரிசியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பெரிய கூட்டம்.

“அண்ணாச்சி, சோறு வேண்டாம். அரிசியையாவது வாங்கிக்கிடுங்க.”

“உங்களுக்குத்தான் லீவு விட்டாச்சுல்லா? வீட்டுல போயி காலை நீட்டுங்க” என்றார் அருளப்பன் உள்ளேயிருந்து.

வெளியே செருப்புச் சத்தம் விலகிப் போவது கேட்டது.

அண்டா பதறியது. “இன்று திரும்பினவர்கள் இனி வரமாட்டார்கள், அருளப்பா!”

“நீ சும்மா இரு. தண்ணிதான் கூடிப்போச்சு. மோந்து கொட்டிட்டா சரியாயிரும்.” அவர் வாளியை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஆவி கையைச் சுட்டது. வாளி நழுவி விழுந்தது.

“காலையில் என்னை ஊற்றியது யார்?” என்று உலைநீர் கேட்டது.

“நான்தான்.”

“எவ்வளவு ஊற்றினாய்?”

“எப்பவும் போலத்தான்.”

“கதவைச் சாத்தப்போவது தெரிந்துமா?”

அருளப்பன் கீழே கிடந்த வாளியைப் பார்த்தார். கூட்டம் பெருகினால் தங்கள் சாமியார் தங்களை விட்டுப் போய்விடுவாரோ என்றுதான் பயந்திருந்தார். கை மட்டும் அந்தப் பயத்தைக் கேட்காமல் ஊர் முழுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார். அது இறுகிப்போயிருந்தது. “போடும்போது இவ்வளவு நேரம் ஆகவில்லையே” என்றது தாழ்ப்பாள். முட்டி மோதித் திறந்து ஓடினார். கூட்டம் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“தாயீ, நில்லுங்க!”

மைமூனா நின்றாள், ஆனால் திரும்பவில்லை. “இப்ப எதுக்கு அண்ணாச்சி?”

“தப்புப் பண்ணிட்டேன். உலை கொதிச்சுக்கிட்டு நிக்குது. அரிசி இல்ல.”

அவள் அவருடைய சிவந்த கையைப் பார்த்தாள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று கோயிலை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் திரும்பினார்கள்.

பிடி பிடியாக அரிசி விழுந்தது. சன்னம், மோட்டா, புழுங்கல், பச்சை என்று எல்லாம் ஒன்றாகப் பொங்கி மேலே வந்தன. உச்சி மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் சோறு வெந்துவிட்டது.

ஓரமாகக் கிடந்த மூடிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எட்டிப் பார்த்துக் கேட்டது: “இதில் நம்முடைய அரிசி எது?”

“வெந்ததெல்லாம்” என்றது அண்டா.