மானுக்குப் புல் சுமந்த நரி

ஆலங்குளத்துக் கரையில் கோமளி என்றொரு புள்ளிமான் இருந்தது. அதன் வயிற்றில் தலைப்பிள்ளை. அந்த மான் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயிறு தெரிய ஆரம்பித்ததும் பெண்மானை நாணல் புதருக்குள் படுக்க வைத்துவிடும். எழுந்திருக்கக் கூடாது, நடக்கக் கூடாது. வேளாவேளைக்குப் புல் வாய்க்கே வந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்ட நரி ஒன்று கூட்டத்திடம் போய்ப் பணிவாக நின்றது. கோமளி தனக்குத் தங்கச்சி மாதிரி என்றது. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாய்மாமனாக இருந்து தானே புல் கொண்டுவந்து போடுவதாகச் சொன்னது. சுமக்கிற வேலை மிச்சம் என்று கூட்டமும் தலையாட்டிவிட்டது. நரிக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மான்கூட யோசிக்கவில்லை. சோம்பல் அப்படி!

தினமும் புல்லை வைத்துவிட்டு நரி ஒரே கேள்விதான் கேட்கும்.

“இன்னைக்கு எத்தனை அடி நடந்தே, தங்கச்சி?”

“ஒரு அடிகூட இல்லைண்ணே.”

நரியின் முகம் மலரும். காலில் வலுவில்லாத தாயிடமிருந்து குட்டியைத் தூக்கிப்போவது எவ்வளவு சுலபம்!

ஒருநாள் நரி வரத் தாமதமானது. தாகம் தாங்காமல் கோமளி எழுந்தது. குளம் இருபதடி தூரம்தான். அதற்குள் கால் நடுங்கியது, மூச்சு வாங்கியது. குட்டி பிறந்த பிறகு ஓர் ஆபத்து வந்தால் இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கோமளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கரையில் ஒரு மந்தி அத்திப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் குட்டி பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. குட்டியை மார்போடு சுமந்தபடி சாவகாசமாக நடந்தது. எப்படி முடிகிறது என்று கோமளி கேட்டது.

“வயித்துல இருந்தப்பவும் தினம் கொஞ்சம் நடந்தேன். களைச்சா உட்காருவேன். பொறந்த பிறகு நல்லா ஓய்வெடுத்துட்டு, மறுபடி மெல்ல மெல்ல ஆரம்பிச்சேன். என் உடம்பு தாங்குற அளவுக்குத்தான்.”

அன்று நரி வந்ததும், குளம் வரை நடந்ததைக் கோமளி சொன்னது. நரியின் முகம் சுருங்கியது. அதன் கண் கோமளியின் முகத்தில் இல்லை, காலிலேயே இருந்தது. அப்போதுதான் கோமளிக்கு விஷயம் பிடிபட்டது.

மறுநாளிலிருந்து நரி வருமுன் கோமளி நடந்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளும். முதலில் குளம் வரை, பிறகு ஆலமரம் வரை. களைத்தால் நிற்கும். நரி கேட்டால், எழுந்திருக்கவே முடியவில்லை என்று முனகும். போட்ட புல்லையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும்.

குட்டி பிறந்தது. கோமளி நன்றாக ஓய்வெடுத்தது. பிறகு குட்டியோடு மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத் தொடங்கியது.

ஒரு காலையில் நரி வெறும் வாயோடு வந்து நின்றது.

“தாய்மாமன் வெறுங்கையோட வரலாமா? சீர் எங்கே அண்ணே?” என்றது கோமளி.

“சீர் கொடுக்க வரல, தங்கச்சி. எடுத்துக்கிட்டுப் போக வந்தேன்!” என்று நரி குட்டிமேல் பாய்ந்தது.

படுத்திருந்த கோமளி ஒரே துள்ளலில் எழுந்து விட்ட உதையில் நரி உருண்டுபோய்ச் சேற்றில் விழுந்தது. எழுந்து ஓடியது. கோமளி விடவில்லை. குளத்தை மூன்று சுற்று சுற்றித் துரத்தியது. கூட்டமே வாய் பிளந்து பார்த்தது. மூச்சு வாங்கியது நரிக்குத்தான்.

கருவைச் சுமக்கும்போதும் பிள்ளை பெற்ற பின்னும் அளவாக நடந்து உடம்பை வலுவாக வைத்துக்கொள்ளும் தாய்தான் தன் பிள்ளைக்கு முதல் காவல்.