ஏழாம் பக்கம் வரும்வரை இடைவேளை

நெத்திலி ஆய உட்கார்ந்தால் கை பாட்டுக்குத் தலையைக் கிள்ளும், கண் பாட்டுக்கு அடியில் விரித்த பேப்பரைப் படிக்கும். இன்றைக்கு அப்படிப் படித்ததில் கை நின்றுபோச்சு. ஏன் என்று புரிய, முதலில் எங்கள் தெரு கால்பந்து அணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கன்னியப்பன்தான் அதில் கோல்கீப்பர்.

எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் நடுவில் ஒரு மைதானம். எங்களுக்கு அதில் பிள்ளைகள் ஓட வேண்டும். அவர்களுக்கு அதில் லோடு ஆட்டோ நிறுத்த வேண்டும். ஒரே ஆட்டம், ஜெயித்த தெருவுக்கு மைதானம் என்று பேசி முடித்தார்கள்.

பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. கேப்டன் டில்லிபாபு ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வந்தார். அதில் ஒரு பத்திரிகைக்காரர் மனசில் பட்டதையெல்லாம் எழுதுவார். கொஞ்சம் உலக நாட்டுச் சண்டை, கொஞ்சம் கால்பந்து, கொஞ்சம் சென்னை டிராஃபிக்.

"உலகத்துக்கே புத்தி சொல்றாருடா. நம்ம பதினோரு பேருக்குச் சொல்ல மாட்டாரா? ஒரு நாளைக்கு ஒரு பத்திதான் படிப்பேன். அதிகமாப் படிச்சா தலையில நிக்காது."

முதல் பத்தி: 'பந்து காலில் இல்லாதபோது ஒருவன் எப்படி ஆடுகிறான் என்பதுதான் கால்பந்து.'

"அப்ப பந்தை ஒளிச்சு வைக்கணும்" என்றார் ஏசுபாதம்.

"ஒளிச்ச எடம் தெரிஞ்சா அது இருக்குற பந்துதானே?" என்றார் டில்லிபாபு.

வெகுநேரம் யோசித்துவிட்டு, தங்களுக்கு இடம் தெரியாமல் ஒளிக்கச் சொல்லிப் பந்தை என்னிடம் கொடுத்தார்கள். நான் அரிசி டிரம்மில் போட்டு மூடினேன். அப்புறம் தினமும் பந்து இல்லாமலே பயிற்சி. என் வீட்டுக்காரர் இல்லாத பந்துக்குப் பாய்ந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டார்.

"கோல்!" என்று ஏசுபாதம் குதித்தார்.

"யோவ், கையில வச்சிருக்கேன், கண்ணு தெரியல?" என்று வெறும் கையைக் காட்டினார் இவர்.

அடுத்த பத்தி: 'இந்த நகரத்தில் அவசரமாக வருகிறவனுக்கு வழி விட்டால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.' அதையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள்.

மூன்றாவது: 'எதிரிகள் ஒரு மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.' எங்கள் வீட்டு மேஜை மைதானத்துக்கு நடுவில் போனது. கெட்டிலும் போனது.

ஆட்டத்தன்றைக்கு நடுவர், பழைய பேப்பர் கடை நாதமுனி அண்ணன். ஆட்டக்காரர் பேரெல்லாம் எழுதிக் கேட்டார். டில்லிபாபு கையில் இருந்த பேப்பரிலேயே ஒரு தாளைக் கிழித்து, ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

பந்தோடு பின்தெருக்காரர்கள் ஓடி வந்தார்கள். நம்ம ஆட்கள் ஒதுங்கி நின்று, "போங்கண்ணே, போங்க, அவசரமாப் போறீங்க" என்றார்கள். என் வீட்டுக்காரரும் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நின்றார். இடைவேளையில் ஒன்பதுக்குப் பூஜ்யம்.

மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். டில்லிபாபு கடைசிப் பத்தியைப் படித்தார். 'ஆனால் ஜெயிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது...' கீழே, 'தொடர்ச்சி ஏழாம் பக்கம்'.

ஏழாம் பக்கத்தில்தான் பேர் எழுதிக் கொடுத்திருந்தார். நாதமுனி அண்ணன் பழக்க தோஷத்தில் அதைக் கடைச் சாக்கில் போட்டு, சாக்கை எடைக்குக் கொடுத்துவிட்டார்.

"வேற பேப்பர் வாங்கிப் பாக்கலாம்ல?" என்று கேட்டார் பின்தெரு கேப்டன் தேசிங்கு.

"அது வேற ஆள் வாங்க வேண்டிய பேப்பர். அதுல அவருக்குத்தான் வழி சொல்லியிருக்கும்" என்றார் டில்லிபாபு.

தேசிங்கு தலையாட்டினார். "அதுவும் சரிதான். ஆனா வழி கெடைச்சா ரெண்டு டீமுக்கும் ஒண்ணா படிக்கணும். நீங்க மட்டும் தெரிஞ்சுக்கிட்டா அழுகுணி ஆட்டம்."

ஏழாம் பக்கம் வரும்வரை இடைவேளை என்று நாதமுனி அண்ணன் விசில் ஊதினார்.

இன்னும் இடைவேளைதான். ரெண்டு தெருக்காரர்களும் சாயங்காலமானால் அந்த மேஜையில் டீ குடிக்கிறார்கள். ஆட்டம் முடியாததால் ஆட்டோ உள்ளே வரவில்லை. பிள்ளைகள் மேஜையைச் சுற்றி ஓடுகிறார்கள். என் சின்னதுகூட அங்கேதான் நடக்கப் பழகுது.

இப்போது என் நெத்திலிக்கு அடியில், மீன் சுற்றி வந்த தாளின் ஓரத்தில் பேனா எழுத்து. டில்லிபாபு, ஏசுபாதம், கன்னியப்பன்... மேலே, பக்கம் ஏழு.

இது வெளியே தெரிந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். மைதானம் போய்விடும். குடலையெல்லாம் இதிலேயே சுருட்டிப் பூனைக்குப் போட வேண்டியதுதான். ஆனாலும் அந்த ஒரு வழி என்னவென்று பார்க்காமல் மனசு கேட்குதா? பேனா எழுத்துக்குப் பக்கத்துப் பத்தி. நாலு மீனை நகர்த்தினேன்.

'...முதலில் எதிரணியிடமிருந்து அந்த'

அதற்கு அடுத்த வார்த்தை மேல் ஒரு பெரிய நெத்திலி. அதை

"ஏ மல்லிகா!" என்று வாசலில் என் வீட்டுக்காரர். "ரெண்டு டீமும் பசியோட வர்றோம், குழம்பு ஆச்சா? ஆமா, மீனுக்கு அடியில அது என்னா பேப்பர்?"

"ஒண்ணுமில்லீங்க, இது ஆறாம் பக்..."