பெட்டி கேட்ட பேர்

"யாருன்னே தெரியாதவனுக்கு எதுக்கு டீச்சர் வழி விடணும்?" என்று கேட்டார் வேதமுத்து.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். இப்போது கம்ப்யூட்டர் ஒயர்களும் அவர் பொறுப்பு. கற்றுக்கொடுக்க வந்த பிரிசில்லாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

சுவரில் இருபத்துநாலு துளை உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி. ஆஸ்பத்திரியின் எல்லாக் கம்ப்யூட்டரும் அந்தத் துளைகள் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். இனிமேல் பேரும் பாஸ்வேர்டும் சொன்னால்தான் துளை திறக்க வேண்டும். அதுதான் வேலை.

"சொல்லத் தெரியாதவங்களுக்கு ஒரு விருந்தாளி வழி வைங்க அண்ணாச்சி. நம்ம பிள்ளைங்க விவரம் எதுவும் அவங்க கண்ணுல படாது. வெளியே மட்டும் போய் வருவாங்க."

"சத்திரமா நடத்துதோம்?"

டீச்சர் வாதாடவில்லை.

"சரி, பூட்டுங்க. பூட்டிட்டு வெளியே நின்னு பாருங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை பண்ணுவோம். நானும் கூட இருக்கேன்."

ஞாயிறு வரை அவருக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை காலையிலேயே இருபத்துநாலையும் பூட்டிவிட்டார்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. நர்ஸ் ஸ்டெல்லா ஓடி வந்தாள்.

"என்ன செஞ்சு தொலைச்சீங்க அண்ணாச்சி? ஆறாம் கட்டில் பாப்பாவோட ஸ்கேன் படம் மெஷினுக்குள்ளேயே நிக்குது. மதுரை டாக்டர் பார்த்துத்தானே ஆபரேஷனா இல்லையான்னு சொல்லணும்! போன்ல எடுத்து அனுப்பினா மங்கலா இருக்குங்காரு."

வேதமுத்து தன் பேரைப் போட்டார். பாஸ்வேர்டு போட்டார்.

பெட்டி திறக்கவில்லை.

பெட்டியோடு நேராகப் பேசும் ஒயரைச் செருகி, அதன் முன்னால் முட்டி போட்டு, மறுபடி போட்டார். பேரைச் சத்தமாகச் சொல்லியும் பார்த்தார், பாவம்.

திரும்பினால் வாசலில் பாப்பாவின் அம்மா. கையில் சின்னதாக ஒரு காலுறை.

டீச்சருக்குப் போன் போட்டுவிட்டு, ஆட்டோ வரும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, பெருமையில செஞ்சுட்டேன். அதை அந்தப் பச்சைப் பிள்ளை மேல வச்சிராதிரும்."

வந்ததும் டீச்சர் கேட்டாள்.

"பேரைச் சரிபார்த்துச் சொல்ற கம்ப்யூட்டர் எந்தத் துளையில இருக்கு?"

"ஏழு."

"ஏழையும் பூட்டினீங்களா?"

"இருபத்துநாலும்னு..." வேதமுத்து பாதியில் நின்றார்.

"அதுவே வெளியே நிக்குது அண்ணாச்சி. அது நம்ம ஆளுதான்னு யார் வந்து சொல்லுவா?"

அவர் தலையில் கை வைத்தார்.

"கடைசியில சேவ் பண்ணினீங்களா?"

"மறந்துட்டேன் டீச்சர். போன வாரமும் இதுக்குத்தானே ஏசினீங்க."

"ஸ்தோத்திரம்!" என்றாள் டீச்சர். எட்டிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

விளக்கெல்லாம் அணைந்தது.

"ஐயோ, டீச்சர்!"

"சேவ் பண்ணாத எதுவும் இதுக்கு ஞாபகம் இருக்காது. மூச்சு விடுங்க."

திரும்பச் செருகினாள். ஒரு பச்சை விளக்கு வந்தது. இரண்டு. ஏழாவது. பிறகு வரிசையாக எல்லாம்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெல்லா வந்தாள். இந்தத் தடவை நடந்து வந்தாள்.

"படம் போயிட்டு. கத்தி வேண்டாமாம். கட்டி மருந்துலயே கரைஞ்சிரும்னு சொல்லிட்டாரு."

வேதமுத்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வார்டுப் பக்கம் போனார். ஆறாம் கட்டிலில் அந்தத் தாய் பாப்பாவின் காலில் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். அது உதைத்துக் கழற்றியது. அவள் மறுபடி மாட்டினாள். சிரித்துக்கொண்டே மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து இரண்டு பேரும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஏழாம் துளையை அவர் தொடவில்லை. மற்ற எதையும் பூட்டும் முன்னால், விருந்தாளி வழியைத் திறந்தார்.

அந்த வழிக்கு ஒரு பேர் வேண்டும் என்று கேட்டது பெட்டி.

"விருந்தாளின்னே போடுங்க அண்ணாச்சி."

வேதமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தன் பேரை அடித்தார்.