பூசணிக்காய்ச் சட்டம்

மேலக்கொன்றை நாட்டு மன்னர் உத்தண்டராயருக்கு நாக்கு ருசி அதிகம், பொறுமை குறைவு.

போன வருடம் சீரங்காயி என்ற விவசாயி ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து சபையில் இறக்கினாள். தூக்கிவர நான்கு ஆள் தேவைப்பட்டது. சமைத்தால் வெல்லம் போடாமலே இனித்தது. மன்னர் மூன்று வேளையும் அதையே சாப்பிட்டார். பிறகு உத்தரவு பிறந்தது.

"இதன் விதையில் பாதியை அரண்மனைத் தோட்டத்தில் போடுங்கள். மீதியை ஊருக்குக் கொடுங்கள். அடுத்த வருடம் எல்லாக் காயும் இப்படியே இருக்க வேண்டும்!"

சீரங்காயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னர் மென்றுகொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

இந்த வருடம் ஊரார் காய்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். ஒன்று அண்டா அளவு, உள்ளே வெறும் தண்ணீர். ஒன்று நல்ல இனிப்பு, ஆனால் தேங்காய் அளவு. இன்னொன்று ஏன் பிறந்தோம் என்று அதற்கே தெரியாத மாதிரி கோணிக்கொண்டு கிடந்தது. அரண்மனைத் தோட்டத்திலோ ஒரு காய்கூட இல்லை.

தோட்ட அதிகாரி பட்டாபிராமன் எழுந்தார். அப்பா வகித்த பதவி என்பதால் அவருக்கும் கிடைத்த பதவி அது. சீரங்காயியின் ஆற்றங்கரை நிலத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண்.

"மன்னா, இவள் மட்ட விதையைக் கலந்து ஏமாற்றிவிட்டாள். நல்ல காயின் விதையில் நல்ல காய்தானே வரும்? இவள் நிலத்தைப் பறித்து நம் தோட்டத்தோடு சேர்த்துவிடலாம்."

சீரங்காயி கைகூப்பியபடி முன்னே ஓடிவந்தாள். "சாமி, அந்த நிலம் போச்சுன்னா எனக்குப் பொழைப்பே கெடையாது! அது ரெண்டு கொடியைச் சேர்த்து உண்டாக்கின காய். இனிப்புக் கொடியோட ஆண்பூவுல இருக்கற தூளை, பெருங்காய்க் கொடியோட பெண்பூவுல தடவி, வண்டு வராம நூலால கட்டிவைப்பேன். அந்தக் காயோட விதையைப் போட்டா ஒண்ணு தாய் மாதிரி வரும், ஒண்ணு தகப்பன் மாதிரி வரும். வருசா வருசம் புதுசாத்தான் சேர்க்கணும்."

"பூவில் ஆணாவது, பெண்ணாவது!" என்றார் பட்டாபிராமன்.

அரசவை விகடன் சொக்கப்பன் பணிவாக முன்னே வந்தான். "மன்னா, அதிகாரி சொல்வதே சரி. நல்லதன் விதை நல்லதாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொத்துப் பறிமுதல். இதை எல்லாருக்கும் பொதுச் சட்டமாகவே போட்டுவிடுங்கள்."

"போட்டாயிற்று!"

"அப்படியானால் முதல் வழக்கு, பட்டாபிராமன்."

"நானா?"

"நீங்களேதான். உங்கள் தகப்பனார் மண்ணை முகர்ந்தே விளைச்சலைச் சொல்வார். நீங்கள் சொல்லுங்கள், அரண்மனைக் கொடி ஏன் காய்க்கவில்லை?"

"எப்படிக் காய்க்கும்? பெரும்பாலான பூவுக்கு அடியில் பிஞ்சே இல்லை. தண்டப் பூக்கள்! தினமும் காலையில் ஒன்று விடாமல் பறிக்கச் சொன்னேன்."

"பறித்ததை?"

"பஜ்ஜி போட்டு மன்னருக்கு அனுப்பினேன்."

"நன்றாகத்தான் இருந்தது" என்றார் மன்னர்.

பயத்தையும் மீறி சீரங்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ சாமி, அதெல்லாம்தான் ஆண்பூ!"

"ஆகா! மாப்பிள்ளைகளை எண்ணெயில் பொரித்துவிட்டு, குழந்தை எங்கே என்று தேடியிருக்கிறார்" என்றான் சொக்கப்பன்.

சபை குலுங்கியது. மன்னர் தொடையைத் தட்டினார். "தகப்பன் பெயரைக் கெடுத்தவனே! உன் சொத்து பறிமுதல்! அடடா, என்ன அருமையான சட்டம்! அடுத்த வழக்கு யார்?"

சொக்கப்பன் தலையைச் சொறிந்தான். "கேட்கலாமா மன்னா?"

"தைரியமாகக் கேள்!"

"தங்கள் தகப்பனார் காலத்தில் நம் நாட்டுக்கு ஏழு கோட்டைகள். இன்று எத்தனை?"

மன்னரின் முகம் சிவந்தது, வெளுத்தது, ஒருவழியாகப் பழைய நிறத்துக்கு வந்தது.

"சட்டம் ரத்து!" என்றார். "சீரங்காயியின் நிலம் அவளுக்கே. பட்டாபிராமன் இனி தினமும் விடியற்காலையில் அவள் தோட்டத்தில் பூவுக்கு நூல் கட்டட்டும்." கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பனிடம் எறிந்தார்.

பிறகு சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார். அதற்குள் சபையில் நாலைந்து பேர் கோட்டைகளை விரல்விட்டு எண்ணிவிட்டார்கள். ஒரு விரலே போதுமானதாக இருந்தது.