சதை போட்ட கார்

மெக்கானிக் பிலவேந்திரன், வெள்ள நிவாரணக் குழுத் தலைவர் அமிர்தகடேசனின் சின்ன எஸ்யூவிக்கு, பாரம் தாங்கும் காற்றுப்பைகளான ஏர் சஸ்பென்ஷன் மாட்டிக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முகாம் வாசலில் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள், "கார் பின்னாடி ஏன் இப்படித் தாழ்ந்து நிக்குது?" என்று கேட்கவும், தலைவர் மெக்கானிக்கை வரவழைத்துக் கத்தினார்.

"வெறும் வண்டிய்யா! உன் வேலை லட்சணம் இது. டிக்கியைத் திறக்காம இப்பவே தூக்கி நிறுத்து!"

பிலவேந்திரன் குனிந்து காற்று மீட்டரைப் பார்த்தார்.

"வெறும் வண்டிக்கு நாற்பது காட்டணும். இப்ப எண்பது காட்டுது. ஒரே வாரத்துல வண்டி சதை போட்டிருக்குங்கய்யா."

வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து டிக்கியைத் திறந்தாள். உள்ளே முகாம் அரிசி, ஆறு மூட்டை.

வரிசையில் நின்றவர்கள் காரைச் சுற்றி வந்து நின்றார்கள். தலைவரே ஒவ்வொரு மூட்டையாகச் சுமந்து இறக்கினார். கார் மெல்ல மெல்ல எழும்பியது. அவர் தலை எழும்பவில்லை.