கோட்டை வாசலில் ஓம எண்ணெய்

முன்னொரு காலத்தில், மூக்கின் பேச்சைக் கேட்டு நாடாண்ட ராஜா ஒருவர் இருந்தார். அந்த மூக்குக்கு ஓம வாசம் ஆகாது. "ஓம வாசத்தைக் கோட்டைக்குள் எவன் கொண்டுவந்தாலும், கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுங்கள்!" என்று உத்தரவு போட்டுவிட்டார். அன்றோடு அரண்மனை முறுக்கு ருசி கெட்டது.

சந்தோஷப்பட்டவர் வைத்தியர் மருந்தீசர் ஒருவர்தான். சமையற்கட்டில் ஓமம் இருந்தவரை, வயிற்றுவலி என்று அவரிடம் யார் போனார்கள்?

ஒருநாள் ராஜா முழுப் பலாப்பழத்தை ஒண்டியாகத் தீர்த்தார். வயிறு தவிலாயிற்று. மூன்று நாள் மருந்தீசரின் கஷாயம் குடித்தும் வீக்கம் இறங்கவில்லை. அரசவை விகடன் பூவணன் எட்டிப் பார்த்தான்.

"பூவணா, சிரிக்க வைக்காதே. வெடித்துவிடுவேன்."

"பிரபு, வெந்நீரில் இரண்டு சொட்டு ஓம எண்ணெய்..."

மருந்தீசர் குறுக்கே பாய்ந்தார். "உத்தரவை மீறச் சொல்கிறான் பிரபு! மீறாமலே கொடுத்துக் காட்டட்டும். பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் கழுதை இவனுக்கு!"

வலியில் ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

பூவணன் கணக்குப் போட்டுப் பார்த்தான். எண்ணெய் உள்ளே வந்தாலும் கழுதை, வராவிட்டாலும் கழுதை. கோட்டைக்கு வெளியே ஓம எண்ணெய் விற்கும் பொம்மக்காவிடம் போய் நின்றான்.

"ஒரு சொட்டு உள்ளே வரணுமே, பொம்மக்கா."

"என் எண்ணெயத்தான் உள்ள விடமாட்டாங்களே சாமி! வேணுங்கிறவங்கதான் வெளிய வரணும்."

பூவணன் துள்ளிக்கொண்டு திரும்பினான். "பிரபு, ஓமம் உள்ளே வரக்கூடாது. தாங்கள் வெளியே போகக்கூடாதென்று உத்தரவு உண்டா?"

"இல்லையே."

"அப்படியானால் எடுங்களடா பல்லக்கை!"

வாசலைத் தாண்டி ஒரு முழத்தில் பல்லக்கு இறங்கியது. பொம்மக்கா எண்ணெய்ச் சொட்டு விட்டுக் கொடுத்த வெந்நீரை ராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அரை நாழிகையில் வயிறு இளகியது. பல்லக்கை விட்டு நடந்தே வந்து சிங்காசனத்தில் அமர்ந்தார்.

"ஏஏஏவ்!"

அந்த ஏப்பத்தில் சபை முழுக்க ஓமம் மணத்தது. அப்போதுதான், கொல்லைப்புறம் கழுதை பிடிக்கப் போயிருந்த மருந்தீசர் கயிறும் கையுமாக நுழைந்தார்.

"ஓம வாசம்! எவன் கொண்டுவந்தது? எவனாயிருந்தாலும் விடாதீர்கள்! ஏற்றுங்கள் கழுதைமேல்!"

சபையோர் எல்லோரும் சிங்காசனத்தைப் பார்த்தார்கள்.

"நான்தான் வைத்தியரே," என்றார் ராஜா. "ஏறட்டுமா?"

"வேண்டாம் பிரபு," என்றான் பூவணன். "பாதிப் பலாப்பழம் இன்னும் உள்ளே இருக்கிறது. கழுதை தாங்காது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெடிக்கவில்லை. உத்தரவைக் கிழித்தெறிந்து, கைக்காப்பைக் கழற்றிப் பூவணனுக்குப் போட்டார். கழுதை பொம்மக்காவுக்குப் போயிற்று. வாரந்தோறும் அதன்மேல் ஓமமூட்டை ஏற்றி அரண்மனைக்கு ஓட்டிவரும் உத்தியோகம் மருந்தீசருக்கு!