வெள்ளையம்மாவின் கட்டில்

"சாமி, நான் இந்த வேலையை விட்டுப் போறேன்," என்றாள் தையல்.

அடிகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவளுக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும். ஆனாலும் மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு அவர்தான் குரு.

மலையடிவாரத்தில் மடத்தின் விடுதி இருந்தது. யாருமற்ற நோயாளிகள் வந்து படுக்கிற இடம். தையலும் வெள்ளையம்மாவும் இளம்பெண்களாக அங்கே வேலைக்கு வந்தவர்கள். புண் கழுவுவது, கஞ்சி ஊட்டுவது, உயிர் பிரிகிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, எல்லாம் இருவரும் சேர்ந்துதான். போன வருஷம் வெள்ளையம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தான் வேலை பார்த்த அதே விடுதியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்தாள். மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாள்.

"ஏன் போகணும்?" என்றார் அடிகள்.

"நேத்து ஒரு பெரியவரோட புண்ணைக் கழுவிக் கட்டினேன். அவர் அழுதுகிட்டே இருந்திருக்கார். கட்டி முடிச்ச பிறகுதான் கவனிச்சேன். என் கை வேலை செய்யுது சாமி. நான் அங்க இல்லை."

கீழே ஒருவரும் இதைக் காதில் வாங்கவில்லை என்றாள். புதிதாக வந்த இரண்டு பெண்களுக்கும் வேலை நன்றாகப் பழகிவிட்டது. ஆள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மடத்துக் காரியஸ்தர் அருணகிரி, வெள்ளையம்மா உயிரை விட்ட இடத்தை விட்டுப் போக உனக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்டாராம். அதற்குப் பிறகு நோயாளிகளும் அதையே கேட்கத் தொடங்கிவிட்டார்களாம்.

அடிகள் ஒரு காம்பை ஒடித்து ஓரமாகப் போட்டார்.

"வெள்ளையம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

தையலுக்கு முகம் சிவந்தது.

"செத்தவ என்ன சாமி சொல்லுவா?"

அவர் அடுத்த கொத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

அவள் கும்பிடாமல் எழுந்தாள். வழி நெடுக வாய்க்குள் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

ஜன்னலோரக் கட்டில் வெள்ளையம்மா போனதிலிருந்து காலியாகவே இருந்தது. அருணகிரியின் ஏற்பாடு அது. மெத்தைமேல் வெள்ளைத் துணி, செவ்வந்தி மாலை, தலைமாட்டில் அணையாத விளக்கு. விடுதிக்கு வருகிறவர்கள் முதலில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

காலையில் வந்து சேர்ந்த ஒரு பெண் கட்டிலுக்குக் கீழே பாயில் கிடந்தாள். பேதியில் உருகிப்போன உடம்பு. மற்ற கட்டில்கள் நிறைந்திருந்தன. தரையின் ஈரம் பாயில் ஏறி, குளிரில் அவள் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

தையல் கேட்கத்தான் வந்தாள். கட்டிலைப் பார்த்து நின்றாள். வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மாலையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். விளக்கை நகர்த்தினாள். குனிந்து, அந்தப் பெண்ணை அப்படியே தூக்கி மெத்தைமேல் கிடத்தினாள்.

சத்தம் கேட்டு அருணகிரி ஓடி வந்தார். புதுப்பெண்கள் இருவரும் வந்தார்கள். படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அருணகிரிக்கு மூச்சு வாங்கியது. அது ஒரு மகாத்மா படுத்த கட்டில் என்றார். இலையும் கஞ்சியும் உண்டு தவம் மாதிரி வாழ்ந்தவள், அவளுக்கு இப்படி ஒரு அவமானமா என்றார். அடிகளை அழைத்துவர ஆள் அனுப்பினார்.

தையல் அந்தப் பெண்ணுக்குப் போர்த்திவிட்டு, கட்டிலோரமாகவே நின்றாள். அடிகள் உள்ளே வந்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"வெள்ளையம்மாவை நீங்க யாரும் சரியாப் பார்த்ததே இல்லை. அவ கோபக்காரி. என்னைத் திட்டாத நாள் கிடையாது. நோயாளி செத்தா கொல்லைக்குப் போயி சாமியைத் திட்டுவா. கடைசியில அவ என்ன கேட்டா தெரியுமா? நெத்திலிக் கருவாடு கேட்டா. மடத்து எடத்துல, பின்கட்டுல அடுப்பு மூட்டி நான்தான் சுட்டேன். விரலை நக்கி நக்கித் தின்னா. இன்னொண்ணு சுட்டிருக்கலாமேடின்னு அதுக்கும் திட்டினா."

அருணகிரி காதைப் பொத்திக்கொண்டார்.

எதிர்க் கட்டிலில் இருந்த மாடசாமி என்ற கிழவர் மெல்ல இருமினார்.

"வாசனை எனக்கும் வந்துச்சு. நான்தான் யார்கிட்டயும் சொல்லலை."

ஒரு புதுப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். தையல் சிரிக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"வெள்ளையம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார் அடிகள்.

"கேக்கலை. அவ எனக்கு எஜமானி இல்லை, கூட வேலை பார்த்தவ. அவளைச் சாகிற வரைக்கும் நினைச்சுகிட்டு இருப்பேன். அதுக்கு இங்கேயே கெடக்கணும்னு இல்லை. உங்ககிட்ட வந்து கேட்டதே தப்பு சாமி."



கட்டிலில் இருந்த பெண் புரண்டு, ஓரத்தில் வாந்தி எடுத்தாள். புதுப்பெண்கள் அசையுமுன் அடிகள் காவி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார். தரையைத் துடைத்தார். நாறிய துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மூலையில் இருந்த வாளியோடு கிணற்றடிக்குப் போனார்.

தையல் ஆணியில் மாட்டியிருந்த தன் துணிப்பையைத் தோளில் போட்டாள்.

வாசலில் அருணகிரி மறித்து நின்றார். குரு இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை என்றார்.

தண்ணீர் தளும்பும் வாளியோடு அடிகள் திரும்பி வந்தார்.

"வழி விடுங்க," என்றார்.

யாருக்கு என்று விளங்காமலே அருணகிரி விலகினார். அடிகள் உள்ளே போனார். தையல் வெளியே போனாள்.

"போயிட்டு வரேன்னாவது சொல்லிட்டுப் போம்மா," என்று அருணகிரி பின்னால் குரல் கொடுத்தார்.

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"போறேன்," என்றாள்.